அழுத்த அறையில் டைல்ஸ்காரர்

டைல்ஸ்காரர் பாதி ஆயுளை முட்டி போட்டுத் தரையில் டைல்ஸ் பதித்தே ஓட்டியவர். வலது முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து குழியே விழுந்துவிட்டது. அவருடைய செல்களையே எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, அந்தக் குழியில் ஒட்டுப்போட்டார்கள். ஒட்டு நன்றாகப் பிடிக்க, அழுத்த அறையில் ஆக்சிஜனும் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

"பலன் இருக்கும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

"வீட்டுல சும்மா கிடக்கறதுக்கு இங்க கிடக்கறேன் சார்."

மனைவி இறந்தபின் வீட்டில் அவரும் டிவியும்தான். தூரத்தில் இருந்த மகன் போனை எடுத்தாலும், "அப்புறம் பேசறேன்பா" என்பான். அந்த அப்புறம் லேசில் வராது.

அழுத்த அறை என்பது ஒரு ஆள் படுக்கிற கண்ணாடிக் குழாய். கதவை மூடியதும் உள்ளே அழுத்தம் ஏறும், காது அடைக்கும். வெளியே இருக்கும் டெக்னீஷியன் பெண் மைக்கில் கேட்பாள்.

"காது அடைக்குதா ஐயா? எச்சில் முழுங்குங்க."

கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அவர் முகத்தையே பார்த்திருப்பாள். அப்படி ஒருவர் அவரைப் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. காது தெளிவாக இருந்தபோதும், "லேசா அடைக்குதும்மா" என்று சொல்ல ஆரம்பித்தார். அவள் அழுத்தத்தை நிறுத்திவிட்டு, "இப்ப?" என்பாள்.

அது வினையாகிவிட்டது. செவிப்பறைக்கு ஆபத்து என்று டாக்டர் சிகிச்சையை நிறுத்தினார். அழுத்தத்தை வேகமாக ஏற்றியதாக அந்தப் பெண்ணுக்கு வராந்தாவிலேயே ஏச்சு விழுந்தது. அவள் முகம் வாடிப்போனதை டைல்ஸ்காரரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார். காது அடைக்கவே இல்ல. பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"அடைக்குதுன்னா கொஞ்ச நேரம் பேசும்."

டாக்டர் உள்ளே போய்விட்டார். அவள் மட்டும் நின்றாள்.

"அடைக்கலன்னாலும் பேசலாம் ஐயா. ஆனா பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்."

காதைச் சோதித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். அவள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்பதைக் கண்ணாடிக் குழாய்க்குள் படுத்தபடியே கையால் சரிவு காட்டி விளக்கினார் டைல்ஸ்காரர். அவள் சிரித்தாள்.

சிகிச்சை முடிந்தபோது கால் நன்றாக மடங்கியது. அது ஒட்டுப்போட்டதாலா ஆக்சிஜனாலா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. விடைபெறப் போனபோது, அவள் வேறொருவரிடம் எச்சில் முழுங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தாள்.

பஸ்ஸில் படியேறும்போது வலிக்கவில்லை. யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். தன் நிறுத்தம் வரும்வரை, அவர் கண்விழிப்பாரா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் டைல்ஸ்காரர்.