பாண்டியின் மூணு பிளஸ்

ஊரார் மூத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். வில்லாபுரத்தில் சின்ன லேப். ரிப்போர்ட்டை வாங்கியதும் "ஒண்ணும் இல்லைல?" என்று கேட்டுவிட்டு, "இருக்கு" என்றால் நம்மையே முறைக்கிற ஆட்களிடம் மாட்டிய சகபாடிகளே, இது உங்களுக்குத்தான்.

சத்து

பாண்டி கப்பலூர்ப் பட்டறை ஒன்றில் வெல்டர். சர்க்கரைக்காரர். கால் வீங்கி, மூத்திரம் சோப்புத் தண்ணியாய் நுரைக்கிறதென்று மனைவி செல்வி இழுத்துக்கொண்டு வந்தாள். டெஸ்ட் ஸ்ட்ரிப்பை நனைத்தேன், மஞ்சள் கட்டம் பச்சையாகிவிட்டது. புரதம் மூணு பிளஸ், துளி கூட இருக்கக் கூடாதது. கூடவே சர்க்கரையும்.

"டீ வடிகட்டி கிழிஞ்சா தூளு கிளாஸுல இறங்கும்ல? உங்க கிட்னி அப்படித்தான் ஆகுது. உடம்புல நிக்க வேண்டியது வெளிய போகுது. நாளைக்கே டாக்டரைப் பாருங்க" என்றேன். மனுசன் சிரிக்கிறார்.

"புரோட்டீன் அம்புட்டு போகுதுன்னா, திங்கிற கறி நல்லா ஒட்டுதுன்னுதானே மாப்ள அர்த்தம்?"

தண்ணி

மறு மாசம் அவரே வந்தார். டப்பாவில் குழாய்த் தண்ணி மாதிரி இருந்தது. விடிந்ததிலிருந்து சொம்பு சொம்பாய்க் குடித்தாராம். ஒரு பிளஸ்தான் காட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தண்ணி கலந்தா அளவு குறைஞ்சு தெரியும்யா, ஓட்டை அடைபடாது! டாக்டரைப் பார்த்தீங்களா இல்லையா?" என்று கத்தினேன்.

"மூணு ஒண்ணாயிருச்சுல்ல? இன்னும் ரெண்டு சொம்பு குடிச்சிருந்தா டாக்டரே வேணாம்."

கையெழுத்து

அப்புறம் பட்டறையில் எல்லோருக்கும் மெடிக்கல் ரிப்போர்ட் கேட்டார்கள். பாண்டி வீட்டிலிருந்தே டப்பாவை நிரப்பி எடுத்து வந்தார். புரதம் இல்லை. சரி. சர்க்கரையும் இல்லை! போன ரெண்டு தடவையும் கொட்டிக் கிடந்த சர்க்கரை எங்கே போச்சு? "யாருதுய்யா இது?" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படியே அவர் பேரில் எழுதிக் கொடுத்தேன். பாழாய்ப்போன இரக்கம்.

"கோளாறுன்னு எழுதுனா நாளைக்கே வெளிய அனுப்பிருவான். எழுது மாப்ள, டாக்டரை அப்புறம் பாத்துக்கிறேன்."

செல்வி

அந்த அப்புறம் வரவேயில்லை. இப்போது பாண்டிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போன வாரம் செல்வி மட்டும் வந்தாள், கிட்னி கொடுப்பவருக்கான டெஸ்ட் சீட்டோடு. ஸ்ட்ரிப் நிறம் மாறவில்லை. "உன்னோடது சுத்தமா இருக்கு தங்கச்சி" என்றேன். அவள் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

"தெரியும்ணே. அன்னைக்குக் கம்பெனி ரிப்போர்ட்டுக்குக் குடுத்துவிட்ட டப்பாவும் என்னோடதுதான்."

அன்றைக்கு நான் எழுதிய ரிப்போர்ட்டில் தப்பாய் இருந்தது பேர் ஒன்றுதான்.