நுனி நாக்கில் ஒரு சந்தேகம்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. திருநெல்வேலியில் படிப்பை முடித்து, கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த புதிது. கிழக்கேகோட்டையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் வரும் ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு உயிரியல் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலைதான். நிர்வாகத்துக்குப் பிடித்திருந்தால் அடுத்த வருடம் நிரந்தரமாக்குவார்கள். இல்லையென்றால் கோடை விடுமுறையோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

என் மாணவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இதயத்தில் நான்கு அறைகள் என்பதையும், மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டால் தோலில் வெள்ளைப் புள்ளி வரும் என்பதையும் ஒரே உறுதியோடு சொல்வார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான்: "அப்படித்தான் டீச்சர்."

அதனால் ஒரு விதி வைத்தேன். வகுப்பில் யார் எதைச் சொன்னாலும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்த வரி என்று காட்ட வேண்டும். அந்த வரியை உரக்கப் படிக்க வேண்டும். அது நாம் சொன்னதைத்தான் சொல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வௌவாலுக்குக் கண் தெரியாது என்றான் ஒருவன். வரியைக் காட்டு என்றேன். வௌவால் இருட்டில் ஒலியைக் கொண்டு வழி அறிகிறது என்று படித்தான். "இதில் குருடு என்று எங்கே இருக்கிறது?" என்றேன். திரும்பப் படித்தான். பிறகு அவனே சிரித்துவிட்டான்.

பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. யாராவது வாயைத் திறந்தால் போதும், மற்றவர்கள் மலையாளத்தில் "எவிடெ? எவிடெ?" என்று கூச்சல் போடுவார்கள். எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்று அர்த்தம். என் மலையாளம் அப்போது பஸ் கண்டக்டரோடு பேசும் அளவுக்குத்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு சொல் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

மழைக்காலத்தில் ஒரு நாள், புது ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்வையிட ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவரை நிர்வாகம் வரவழைத்திருந்தது. அவர் தலைமையாசிரியையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் வேண்டுமென்றே சுலபமான பாடமாக எடுத்தேன்: நாக்கு. பாடப்புத்தகத்தில் அழகான படம் இருந்தது. நுனியில் இனிப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும், அடிநாக்கில் கசப்பு. நான் கேட்கக் கேட்கப் பிள்ளைகள் பக்கத்தையும் வரியையும் காட்டிப் படித்தார்கள். பேராசிரியர் தலையசைத்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு பெண் எழுந்தாள். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அதிகம் பேசமாட்டாள்.

"டீச்சர், ஒரு சம்சயம்," என்றாள். அந்த ஊரில் சந்தேகத்துக்கு அதுதான் பெயர். "எனக்கு வீசிங் உண்டுல்லா? தினமும் காலையில கஷாயம் குடிக்கணும். நேத்து இந்தப் பாடத்தை வாசிச்சேன். கசப்பு அடிநாக்குலதான் தெரியும்னா, நுனியில வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சா தப்பிச்சிரலாம்னு நினைச்சேன். ஆனா டீச்சர், நுனியில பட்டதுமே கசந்துபோச்சு."

வகுப்பே சிரித்தது. உடனே நாலா பக்கத்திலிருந்தும் "எவிடெ? எவிடெ?" என்று சத்தம். அவளிடம் காட்டுவதற்குப் பக்கமும் இல்லை, வரியும் இல்லை. முகம் சுருங்கிவிட்டது. நான் வைத்த விதியே அவளை மடக்கி நிறுத்தியிருந்தது.

"உட்காரு, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். தலைமையாசிரியையும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். ஆனால் அவள் செய்தது சின்னக் காரியமா? புத்தகத்தில் படித்ததை நம்பி, அதை வைத்து ஒரு திட்டம் போட்டு, செய்து பார்த்திருக்கிறாள். நான் பேச வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து பேராசிரியர் கேட்டார்.

"ஏன் டீச்சர், அப்போ புஸ்தகம் தப்புங்கறேளா?"

கோட்டையை ஒட்டிய அக்ரஹாரத்துத் தமிழ். 

"தெரியாது சார். தேடிப் பார்க்கணும்," என்றேன்.

பேராசிரியர் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். மணி அடித்ததும் எழுந்து போய்விட்டார். தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். பார்வையிட வந்தவர் முன்னால் ஓர் ஆசிரியை தெரியாது என்று சொல்லலாமா, பாடப்புத்தகத்தையே சந்தேகப்பட்டால் பிள்ளைகள் பரீட்சையில் எதை எழுதுவார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. 

அன்று மாலை பாகற்காய்ச் சாறு பிழிந்து, கண்ணாடி முன் நின்று நுனி நாக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டேன். என் கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். கசந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் சாறு எச்சிலோடு கலந்து உள்ளே ஓடியிருந்தால்? என் நாக்கை மட்டும் நம்பி முடிவு கட்டவும் மனம் வரவில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணும் நானும் பள்ளி நூலகத்தைக் குடைந்தோம். கைடுகள், பொது அறிவுப் புத்தகம், பழைய கலைக்களஞ்சியம். எல்லாவற்றிலும் அதே படம். "பார்த்தியா, எல்லாமே இதைத்தான் சொல்லுது," என்றேன்.

அவள் புத்தகங்களை மேஜையில் வரிசையாகத் திறந்து வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"டீச்சர், அம்புக்குறி போட்டிருக்கிற இடம்கூட ஒண்ணுபோல இருக்கு. ஒருத்தரைப் பாத்து மத்தவங்க எழுதியிருந்தா, இத்தனையும் தனித்தனி சாட்சியா? இல்லே, எல்லாம் சேர்ந்து ஒரே சாட்சிதானா?"

 எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதும் இல்லை, யாரும் கேட்டுக் கேள்விப்பட்டதும் இல்லை.

சனிக்கிழமை பாளையத்தில் இருக்கும் பெரிய நூலகத்துக்குப் போனோம். அவள் அம்மாவும் கூட வந்தார். "கஷாயம் குடிக்காம இருக்கதுக்கு இவ கண்டுபிடிச்ச வழி டீச்சர் இது. நீங்களும் நம்பிக்கிட்டு வாரீங்களே," என்று பஸ்ஸில் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

உடலியல் புத்தகங்கள் இருந்த அலமாரியில், முதலில் எடுத்த பழைய புத்தகத்தில் அதே படம்தான். அடுத்து கொஞ்சம் புதிய, கனமான ஒரு புத்தகம். பொருளடக்கத்தில் தேடிப் பக்கத்தைப் புரட்டி, அவள் விரல் வைத்து ஆங்கிலத்தில் மெதுவாகப் படித்தாள். நாக்கில் சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடங்களிலும் எல்லாச் சுவையும் தெரியும், இடத்துக்கு இடம் கூடக் குறைய இருக்கும், அந்த வேறுபாடும் சிறியதுதான் என்று இருந்தது. படித்து முடித்து நிமிர்ந்தவள் முகத்தில் ஜெயித்த களையைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் அவள் குழம்பிப்போயிருந்தாள்.

"ஒரு புத்தகம் ஆமாங்குது, இன்னொண்ணு இல்லேங்குது. இப்ப எதை நம்பறது டீச்சர்?"

புதியதை நம்பு என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஆனால் புதியது என்பதாலேயே ஒன்று சரியாகிவிடுமா? "ரெண்டையும் இன்னொரு தடவை படி. தனக்கு இது எப்படித் தெரிஞ்சுதுன்னு எது சொல்லுதுன்னு பாரு," என்றேன். அந்த நிமிடத்தில் தோன்றியதுதான். முன்கூட்டி யோசித்து வைத்ததல்ல.

வெகுநேரம் படித்தாள். அவள் அம்மா நாற்காலியிலேயே தூங்கிப்போனார். வெளியே மழை வலுத்தது.

"பழையதுல படம் மட்டும்தான் டீச்சர். யார் பாத்தாங்க, எப்படிப் பாத்தாங்கன்னு ஒண்ணுமே இல்லே. இதுல, சின்னச் சொட்டா ஒவ்வொரு இடமா வெச்சு, நடுநடுவுல வாய் கொப்புளிக்கச் சொல்லி, என்ன சுவைன்னு கேட்டிருக்காங்க," என்றாள். "இது தப்பா இருந்தாலும் எங்கே தப்புன்னு நாம செஞ்சு பாத்துக் கண்டுபிடிக்கலாம். பழையதுல அதுக்கும் வழி இல்லே."

அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டோம். திங்கட்கிழமை அவள் வகுப்பில் எழுந்து நின்று அதைப் படித்தாள். யாரும் கூச்சல் போடவில்லை. வௌவால் பையன் மட்டும் கேட்டான்: "பரீட்சைக்கு எதை எழுதறது டீச்சர்?" தலைமையாசிரியை கேட்ட அதே கேள்வி. படத்தை வரையுங்கள், கீழே 'பாடப்புத்தகத்தின்படி' என்று எழுதுங்கள் என்றேன். அது முழுத் திருப்தியான பதில் இல்லைதான். இன்றும் வேறு நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சில நாள் கழித்து, ஆசிரியர் அறையில் யாரோ காத்திருப்பதாக ப்யூன் வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் அந்தப் பேராசிரியர். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. 

"அன்னிக்கே ஆத்துக்குப் போய் வேப்பிலையை அரைச்சு நுனியிலே தொட்டுப் பார்த்தேன். கசந்தது, கேட்டேளா!" என்றார் எடுத்த எடுப்பிலேயே. "எத்தனை வருஷமா இந்தப் படத்தை போர்டிலே வரைஞ்சிருக்கேன். ஒரு நாளாவது தொட்டுப் பார்க்கணும்னு தோணலையே! அந்தக் கொழந்தையைச் சித்தே கூப்பிடுங்கோ."

அவள் பயந்துகொண்டே வந்தாள். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். நகலைக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். பிறகு, "சொட்டு நாக்கிலே பரவிடாதோ?" என்றார். "அதுக்குத்தான் சார் சின்னச் சொட்டு," என்று அவள் வரியைத் தொட்டுக் காட்டினாள். அவர் அடுத்த சந்தேகத்தைக் கேட்டார். அவள், "அது இதுல இல்லே சார். வேற புத்தகம் தேடணும்," என்றாள். இருவரும் என்னை மறந்தே போனார்கள். இடைவேளை முடிந்து மணி அடித்தபோது இருவருக்குமே கிளம்பிப் போக மனமில்லை.

அடுத்த வருடம் என் வேலை நிரந்தரமானது. பேராசிரியர் நிர்வாகத்துக்கு நல்லபடியாக எழுதிக் கொடுத்ததால்தானா, வேறு ஆள் கிடைக்காததாலா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அந்தப் பெண் பள்ளியை முடித்து, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். இப்போது எங்கே இருக்கிறாளோ!

அதன் பிறகு எத்தனையோ வருடங்கள் பாடம் நடத்திவிட்டேன். ஒரு புத்தகம் தனக்குத் தெரிந்ததைச் சொல்வது பாதி நேர்மைதான், அது எப்படித் தெரிந்தது என்று சொல்லி நம்மையும் சரிபார்க்க விடுவதுதான் மீதி நேர்மை என்பதை, எனக்கு எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையிடமிருந்துதான் நான் கற்றேன்.