காருக்குத் தைத்த சட்டை

தெருவில் அவரை அளவுக்காரர் என்றுதான் சொல்வார்கள். தையற்கடைக்கு வருகிறவரின் தோளை முதலில் பார்ப்பார், முகத்தைப் பிறகு. கழுத்தில் அளவு நாடா கிடப்பதை மறந்து அப்படியே குளிக்கப் போய்விடுகிற ஆள்.

மனைவி கார் ஓட்டப் பழகி, பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கி வந்தாள். அவர் நாடாவோடு அதைச் சுற்றி வந்தார்.

"கடையில விக்கிற கவர் தொளதொளன்னு இருக்கும். காத்துல அடிச்சு பெயின்ட்டைத் தேய்ச்சிடும். நானே தைக்கிறேன்."

"கவரே எதுக்குங்க? ஓடுற வண்டி."

"வெயில்ல வெளுத்துடும். மேல காக்கா வேற உக்காந்திருக்கு."

காகம் அந்த நேரம் பார்த்து அவர் கட்சியில் சேர்ந்துகொண்டது. கூரையில் வெள்ளையாக ஒரு பொட்டு. மனைவி துடைக்கத் துணி எடுக்கப் போனாள்.

தைத்து முடித்த உறைக்கு உள்ளே மெத்தென்ற துணி. பக்கக் கண்ணாடிகளுக்கு இரண்டு குட்டைக் கைகள். காற்று தூக்காமலிருக்க அடியில் சுற்றிலும் பொத்தான்கள். மாட்டிவிட்டபோது ஒரு சுருக்கம் இல்லை. தெருவே வந்து பார்த்தது.

"காலர் வைக்க மறந்துட்டீங்களே அண்ணே" என்றார் பழக்கடைக்காரர்.

கழற்றுவதுதான் பெரும்பாடு. மனைவி தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு பொத்தானாக அவிழ்க்க வேண்டும். எழுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவள் அக்காவுக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியாது. ஞாயிறுதோறும் அக்காவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகத்தான் காரே வாங்கினாள். கார் வந்தும் ஞாயிறுகள் வீட்டுக்குள்ளேயே கழிந்தன.

ஒரு ஞாயிறு காலை அவள் போனில் பேசுவது அவர் காதில் விழுந்தது.

"அடுத்த வாரம் பாக்கலாங்க்கா. எங்க வண்டி டிரஸ் பண்ணிக்கிட்டு நிக்குது, கலைக்க மனசு வரல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனை வைத்ததும் சாவியை ஆணியில் திரும்ப மாட்டினாள். சிரிப்பு அதற்குள் போய்விட்டிருந்தது.

கையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லாமல் எந்தச் சட்டையையும் அவர் கொடுத்தனுப்பியதில்லை. மாட்டிக் கழற்ற வசதியா என்று இவளை மட்டும் கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"ஐயையோ, என்ன பண்றீங்க?"

"பொத்தானை வெட்டுறேன். அக்காவைக் கிளம்பி இருக்கச் சொல்லு."

ஓர் இழுப்பில் உறை கழன்று வந்தது. அதைச் சுருட்டிப் பின்சீட்டில் போட்டார்கள்.

கடற்கரையில் மணல் சுட்டது. உட்கார வேறொன்றும் இல்லாததால் உறையை விரித்தார்கள். அக்கா காலை நீட்டி அமர்ந்து துணியைத் தடவினாள்.

"இதென்ன மாப்ளே, கை வச்ச ஜமக்காளமா?"

சொல்லிவிட்டு உறையின் ஒரு கைக்குள் தன் கையை நுழைத்தாள். தங்கை எதிர்ப்பக்கத்துக் கைக்குள் நுழைத்தாள். இருவரும் அங்கிருந்தே ஒருவரையொருவர் பார்த்துக் கையசைத்து, மூச்சு வாங்கச் சிரித்தார்கள்.

தூரத்தில் மரத்தடியில் கார் உறையில்லாமல் நின்றது. கூரைமேல் காகம்.

"போய் விரட்டிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"இருக்கட்டும், துடைச்சுக்கலாம்."

கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து அவர் விரிப்பின் அகலத்தை அளந்தார்.

"மூணு பேருக்கு அளவு சரியாத்தான் இருக்கு" என்று நடுவில் போய்ப் படுத்துக்கொண்டார்.