கிளாரிஸ் பார்த்த நரி

எங்கள் லெஸ்டர்ஷயர் பக்கத்தில் நரி வேட்டைக்குக் குதிரையில் போகிறவர்கள் ஒரு ரகம். அவர்கள் பின்னால் சேற்றில் நடந்தே அலைகிற நாங்கள் இன்னொரு ரகம். எங்கள் ரகத்தில் கிளாரிஸ் டூனைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு அலைந்தவர் யாருமில்லை.

வாரம் முழுக்கக் காலுறை ஆலையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். சனிக்கிழமை வந்தால் கணவன் ரெக்கின் பழைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, பாலாடைக்கட்டி சாண்ட்விச்சைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். நரி எந்தப் பக்கம் ஓடும் என்று காற்றைப் பார்த்துக் கணக்குப் போடுவாள். வேட்டை நாய்களோ பெரும்பாலும் நேர் எதிர்ப்பக்கம் போகும். குன்றின் மறுபக்கம் கொம்பு ஊதுகிற சத்தம் தேய்ந்து போவதைக் கேட்டபடி நிற்பதுதான் அவள் கண்ட வேட்டை. இத்தனை வருஷத்தில் ஓடுகிற நரியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஜனவரியில் ஒரு நாள், கால்வாய்க்குப் பக்கத்து டர்னிப் கிழங்கு வயலின் மூலையில் நானும் அவளும் நின்றிருந்தோம். நான் ஒதுக்குப்புறம் தேடிப் போயிருந்த நேரத்தில் நரி வந்துவிட்டது. சாவகாசமாக வயலைக் கடந்து, அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வேலிக்கு அடியில் நுழைந்து கால்வாய்ப் பக்கம் போயிருக்கிறது. அவள் தொப்பியைக் கழற்றி வீசிக் கூவிய கூவலில் நான் பாதியிலேயே ஓடி வந்தேன்.

நாய்களை நடத்துகிற பெர்சி ஃப்ரீர் குதிரையை விரட்டிக்கொண்டு வந்தார்.

"எங்க பார்த்தீங்க?"

"இதோ, இந்த வேலிக்கு அடியில! இப்பத்தான் போச்சு, மிஸ்டர் ஃப்ரீர்!"

"போன வாரமும் இப்படித்தான் கத்துனீங்க. வந்து பார்த்தா பண்ணை வீட்டுப் பூனை."

"இது பூனை இல்லைங்க. வால் நுனியில வெள்ளை இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"பூனைக்கும் வால் இருக்குமே, மிசஸ் டூன்." பின்னாலிருந்த குதிரைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் நாய்களைக் கூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

நீ பார்த்தாயா என்று கிளாரிஸ் என்னைக் கேட்டாள். இல்லை என்றேன். வேறென்ன சொல்ல?

"நீ ஒண்ணுக்கும் உதவாதவன்டா," என்று சொல்லிவிட்டுத் தானே புதர்வேலியை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் குதித்தாள். நரி போன வழியே போய்க் காட்டுவாளாம். வேலியோரத்து வாய்க்காலில் அவளுடைய பூட்ஸ் ஒன்றைச் சேறு உறிஞ்சிக்கொண்டது. தோள்வரை கையை விட்டுத் தேடினாள், கிடைக்கவில்லை. ஒற்றைப் பூட்ஸோடு கால்வாய்ப் பாதையில் நடந்தாள். ஓரிடத்தில் ஈர மண்ணில் நரியின் கால்தடம் பதிந்திருந்தது. "பாரு! நல்லாப் பாரு!" என்று என் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தாள். நான் பார்த்து என்ன ஆகப்போகிறது?

அப்போது கூட்டத்திலிருந்து பிரிந்த கிழட்டு நாய் ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. தடத்தை முகர்ந்து, தலையைத் தூக்கி ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான். காட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த நாய்களெல்லாம் வெள்ளமாக இறங்கி வந்தன. பின்னாலேயே குதிரைகள். கிளாரிஸ் கையை ஆட்டி, "நான்தான் சொன்னேனே! நான்தானே சொன்னேன்!" என்று கத்தினாள். ஒருவரும் நிற்கவில்லை. குதிரைக் குளம்புகள் வாரியடித்ததில் அவள் முகமெல்லாம் சேறு. கால்வாய்ப் பாதையின் கேட்டைக் கடைசியாகத் தாண்டிப் போன சீமாட்டி, "கேட்டைச் சாத்திடும்மா!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிளாரிஸ் கேட்டைச் சாத்தினாள். எட்டி ஒரு உதையும் விட்டாள், பூட்ஸ் இல்லாத காலால்.

நரி ரயில் பாலத்தடியில் வடிகால் குழாய்க்குள் புகுந்து தப்பிவிட்டது. மாலையில் மதுக்கடையில் எல்லாரும் அந்தக் கிழட்டு நாயின் மூக்கைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். கிளாரிஸ் நேராகப் பெர்சியின் முன்னால் போய் நின்றாள்.

"நாய் சொன்னா நம்புவீங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. அப்படித்தானே?"

பெர்சி அசடு வழிந்தார். "அது இதுவரைக்கும் பூனையைக் காட்டுனதில்லைங்க."

கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பெர்சி வாங்கிக் கொடுத்த பீரைத் தொடாமல், கிளாரிஸ் நொண்டிக்கொண்டே வெளியேறினாள்.

வீங்கிய கால் விரல்களோடு இரண்டு சனிக்கிழமை வீட்டில் கிடந்தாள். எப்படி இருக்கிறாள் என்று பார்க்கப் போனேன். ரெக் கதவைத் திறந்து, "உள்ள போகாத. உன் மேலயும் கோவமா இருக்கா," என்றான்.