முன்பக்க இடது சக்கரம்

வாரத்தில் மூன்று நாள், காலை எட்டரைக்கு, ராயபுரத்து ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு டயாலிசிஸ். இருபது நிமிடம் வரை காத்திருப்பார்கள். அதற்கு மேல் போனால் நாற்காலி அடுத்தவருக்கு. மழைக்காலத்தில் ஒருமுறை அப்படிப் போய்விட்டது. மறுநாள் அவளுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, நிமிடத்துக்கு முப்பத்திரண்டு முறை மூச்சு வாங்கினாள். எண்ணியவன் நான். அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

எர்ணாவூரில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பதினோரு கிலோமீட்டர். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் சாலை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழு பத்துக்குக் கிளம்பினோம். ஏழு முப்பத்தொன்றுக்குக் காரில் மணி அடித்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

எங்கள் காரில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சென்சார் உண்டு. எதில் எவ்வளவு காற்று என்று திரையில் நான்கு எண்கள் வரும். நான்கும் முப்பத்துமூன்று இருக்க வேண்டும். முன்பக்க இடதில் இருபத்தாறு. ஏழு டிரெய்லர்களைத் தாண்டுவதற்குள் இருபத்தைந்து.

இரண்டு பக்கமும் என் தலைக்கு மேல் உயரத்தில் லாரிச் சக்கரங்கள் உருண்டன. நடுவில் முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுக்கும்?

"ஏங்க, மெதுவா போங்க," என்றாள்.

"மெதுவாப் போனா எட்டரைக்குப் போக முடியாது."

"போய்ச் சேர்ந்தாதானே எட்டரை."

வழியில் இருந்த பெட்ரோல் பங்கில் நுழைந்து, நானே குழாயைச் செருகி முன் இடது டயருக்குக் காற்றடித்தேன். பங்க் மீட்டர் முப்பத்துமூன்று காட்டியது. சாலைக்கு வந்து பார்த்தால் திரையில் இருபத்துநான்கு. மறுபடி திரும்பிப் போய் அடித்தேன். மீட்டர் நாற்பது என்றது. ஊர் லாரியெல்லாம் இழுத்து அடிக்கும் மீட்டர், அதுதான் பொய் சொல்கிறது என்று முடிவு செய்தேன். ஓர் ஆலையின் ஸ்டோரில் முப்பத்தாறு வருடம் சரக்கு எண்ணியவன் நான். கம்பெனியில் பொருத்தி வந்த கருவியை நம்பாமல் பங்க் மீட்டரையா நம்புவேன்?

"பின்னால இருக்கிற நம்பர் ஏறிடுச்சே. வலது பக்கம். நாப்பதுன்னு இருக்கு," என்றாள்.

"வெயில்ல சூடாகி ஏறும். நீ சும்மா இரு."

காலை ஏழே முக்கால் மணிக்கு வெயில் எங்கே இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. திரையில் இருபத்திரண்டு ஆகியிருந்தது. அதை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

திருவொற்றியூரில் டிரெய்லர் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. நாற்பத்தைந்து வயதுப் பெண், லுங்கியின் மேல் ஆண்பிள்ளைச் சட்டை. ஏழு ஐம்பத்தைந்து. முன் இடது டயரைக் காட்டி, "இதுல காத்து நிக்க மாட்டேங்குதும்மா, எட்டரைக்கு ஆஸ்பத்திரில இருக்கணும், வேற டயர் போட்டுடு," என்றேன். அவள் உள்ளங்கையால் அதை ஒரு தட்டு தட்டினாள்.

"இன்னா நைனா, வெடிக்க வெக்கலாம்னு முடிவு பண்ட்டியா? கல்லு மாரி கீது!"

"திரையில இருபத்திரண்டும்மா."

"அத்த வுடு." வண்டியைச் சுற்றி வந்து பின்பக்க வலது டயரை உதைத்தாள். டயர் அமுங்கியது. "இதான் உன் இருவத்திரண்டு. டயர எங்கனா மாத்திப் போட்டியா?"

போன வாரம் மாதவரத்தில் மாற்றினேன். தேய்மானம் சமமாக இருக்க நான்கையும் குறுக்காக மாற்றச் சொன்னதே நான்தான். பக்கத்தில் நின்று நட்டுகளை எண்ணினேன், இருபது.

"டயரு எடம் மாறிச்சுன்னா உள்ள கீற சென்சாரும் கூடவே போயிடும். அத்த வண்டில கீற கம்ப்யூட்டர் பொட்டிக்குச் சொல்லிக் குடுக்கணும். சொல்லல. அது பழைய எடத்துலயே காட்டிகினு கீது."

உள்ளே உட்கார்ந்திருந்த என் மனைவி, "நான் அப்பவே சொன்னேன்," என்றாள். கோபமில்லை. அவள் கால்கள் வீங்கியிருந்தன.

அந்தப் பெண் பின் டயரிலிருந்து இடுக்கியால் ஒரு துண்டுக் கம்பியை உருவினாள். கன்டெய்னர் கதவில் போடும் கம்பி முத்திரையை வெட்டி எறிந்த துண்டு. இந்தச் சாலை முழுக்க அதுதான். ஓட்டையில் ரப்பர் திரியைச் செருகிக் காற்றடித்தாள். திரையில் முன்பக்க இடது எண் ஏறியது, இருபத்தெட்டு, முப்பது, முப்பத்துமூன்று. பிறகு நான் ஏற்றிய டயரின் காற்றை இறக்கினாள்.

"மாதவரத்துலயே போயி மிஷின வெச்சி எடத்தச் சொல்லிக் குடுக்கச் சொல்லு. இப்ப ஓடு நைனா. யம்மா, காசு திரும்பி வரசொல்ல பேசிக்கலாம், போ."

கிளம்பும்போது எட்டு பத்தொன்பது. மீதி வழியெல்லாம் என் மனைவி திரையை வாசித்துக்கொண்டே வந்தாள். "முன் இடது முப்பத்துமூணு. அதாவது பின் வலது." லாரி ஹார்ன் ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டு நாற்பத்தேழுக்கு வாசலில் நிறுத்தினேன். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள், நாற்காலியைக் காட்டினாள்.

குழாய்களில் ரத்தம் ஓடத் தொடங்கியதும் கீழே போனேன். நான்கு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தேன். பிறகு மேலே வந்து, அவள் மார்பைப் பார்த்து மூச்சை எண்ணினேன். பத்தொன்பது. தவறியிருக்குமோ என்று இன்னொரு நிமிடம் எண்ணினேன்.