வயசுக்கு வராதவங்க

சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த சமயம். நான் புத்தூரில் வக்கீலாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நகரிக்கு அருகே ஒரு தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியில், பத்தாம் வகுப்புக்குச் சிறார் நீதிச் சட்டம் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். கோர்ட்டில் வாயே திறக்காதவளுக்கு மைக் கிடைத்தால் விடுவேனா?

பிரிவு, வயது என்று எண்களை அடுக்கினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள் என்று எளிமையாகச் சொன்னேன்: "வயசுக்கு வராதவங்க தப்பு செஞ்சா, பெரியவங்களோட ஜெயில்ல போடக்கூடாது." பையன்கள் கிசுகிசுத்துச் சிரித்தார்கள். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பையன்களை ஓர் அதட்டுப் போட்டுவிட்டு மேலே பேசினேன். நானும் பெண்தான், அப்போதும் உறைக்கவில்லை.

பேசி முடித்து பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு மாணவி பின்னாலேயே வந்தாள். "மேடம், வயசுக்கு வந்துட்டா ஜெயிலுதானா?" என்று கேட்டாள். பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா" என்றேன். அவள் திரும்பி நடந்தாள். பஸ் வரவில்லை. அவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. கூப்பிட்டு, யாருக்காகக் கேட்டாய் என்றேன்.

"எங்க அக்காவுக்கு மேடம். கம்பெனி ஆஸ்டல்ல யாரோட போனையோ எத்துக்கினான்னு ஜெயில்ல வச்சிகினு கீறாங்க. அவ பன்னெண்டுலயே வயசுக்கு வந்துட்டா மேடம்."

"இப்ப அவளுக்கு எத்தனை வயசு?"

"பதினாறு. கம்பெனில சேக்கறதுக்கு நைனாதான் பத்தொம்போதுன்னு எழுதிக் குட்த்தாரு."

நான் சட்டப் புத்தகத்துச் சொல்லை, பதினெட்டு நிரம்பாதவர் என்ற பொருளில் சொல்லியிருந்தேன். அவளோ வீட்டில் அக்காவுக்கு மஞ்சள் நீராட்டியதை நினைத்திருக்கிறாள்.

அவளை அழைத்துக்கொண்டு பள்ளிக்கே திரும்பினேன். அக்காவும் அங்கே படித்தவள்தான். தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினார்; பிறந்த தேதி இருந்தது. அதன் நகலோடு மறுநாளே மனுப் போட்டேன். சில நாளில் அக்காவைத் திருப்பதியில் சிறுமிகள் இல்லத்துக்கு மாற்றி, பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் பெரியவர்களோடு பதினோரு நாள் இருந்துவிட்டாள்.

இப்போது எந்தப் பள்ளிக்குப் போனாலும், வாயைத் திறக்கும் முன் கரும்பலகையில் '18' என்று பெரிதாக எழுதிவிடுகிறேன். அன்று பஸ் நேரத்துக்கு வந்திருந்தால், அந்த 'ஆமாம்மா'வோடு நான் ஏறிப் போயிருப்பேன்.