டிக் டிக் என்ற முதல் பரிசு

இலங்கை மலைநாட்டில், கலஹாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோவில் திருவிழா. அன்று பட்டிமன்றம். காவியத்தில் அண்ணன் பிறன் மனைவியைத் தூக்கி வந்துவிடுகிறான். தவறென்று சொல்லி அவனை விட்டுப் பிரிந்த தம்பி உயர்ந்தவனா, தவறென்று தெரிந்தும் கூட நின்று செத்த தம்பியா? செத்தவனுக்கு நான் வாதாடினேன். பிரிந்தவனுக்கு என் நண்பர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் பள்ளிக்கூட மாஸ்டர். அவர் நியாயம் பேசினார், நான் ஒப்பாரி வைத்தேன். “கூடப் பிறந்தவனைக் கைவிட்டு வாழ்வதைவிடச் சாவதே மேல்!” என்று மேசையில் ஓங்கிக் குத்தினேன். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

முதல் பரிசு எனக்கு. சுவர்க் கடிகாரம். நல்ல சகுனமாக இருக்கட்டுமென்று பேட்டரி போட்டு, ஓடவிட்டு, பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார்கள். யுத்த காலத்தில், பஸ்ஸில் போகிறவனிடம்! அந்தப் புத்திசாலிகளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மாஸ்டரும் நானும் ஒரே பஸ்ஸில் கண்டிக்குத் திரும்பினோம். பேராதனைக்குக் கிட்டச் சோதனைச் சாவடி. ஒரு சிப்பாய் பஸ்ஸில் ஏறினான். எங்கள் தலைக்கு மேல் தட்டில் பொட்டலம் டிக் டிக் என்றது. அவன் முகம் மாறியது. “யாருடையது இது?” என்று சிங்களத்தில் கத்தினான்.

கூட நின்று சாகிற வீரன் என்ன செய்தான்? மேசையில் குத்திய அதே கையை நீட்டி மாஸ்டரைக் காட்டினான். “அவருடையது, மாத்தையா.” ஆட்டுக்குட்டிக் குரல்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். ‘இல்லை’ என்று ஒரு சொல் போதும். அவர் ஆமென்று தலையாட்டிவிட்டு, பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

தாளைக் கிழித்தார்கள். கடிகாரம். சிப்பாய்களே சிரித்துவிட்டார்கள். அத்தோடு விடவேண்டியதுதானே? அடையாள அட்டையைக் கேட்டார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். சிரிப்பு நின்றது. பிறந்த ஊரே குற்றமாகிப்போன நாடு, தூ! அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். இறங்கிப் போய், “என் கடிகாரம், என் நண்பர்” என்று சொல்ல எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. நான் குனிந்து, கழன்றே இராத செருப்பு வாரைக் கண்டி வரும்வரை மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது நாள். அவருடைய பள்ளிக்கூட அதிபர் பொலிசுக்கு நடையாய் நடந்துதான் அவரை வெளியே எடுத்தார். நான் நடக்கவில்லை, வயிற்றோட்டம். பொய்யில்லை, நிஜமாகவே வயிற்றோட்டம். அதுதான் கேவலம்.

பத்தாம் நாள் மாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“வாங்க மாஸ்டர். அடிச்சாங்களா?”

“ஓம்.”

“ஏன் மாஸ்டர், உங்களோடது இல்ல, என்னோடதுன்னு சொல்லியிருக்கலாமே?”

“மேடையில நீர் அவ்வளவு நல்லாப் பேசினீர், ஐசே. நான் நம்பிப்போட்டன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடித்தவர்கள்மேல், என்மேல், கடைசியில் அந்த மனிதர்மேலும். பளாரென்று ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு எவ்வளவு வசதி! அவரோ தேத்தண்ணி கேட்டார். அவர் முகத்தைப் பார்க்காமல் ஊற்றியதில் பாதி சோசரில் கொட்டியது. அதையும் குடித்தார்.

போகும்போது பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேசையில் வைத்தார். கண்ணாடி உடைந்திருந்தது.

“என்னை வெளியில விடேக்க தந்தவங்கள். உம்மட சாமான்தானே.”

சனியன், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.